மார்க் இல்லாத க்ளாஸ்

"இதுக்கு மார்க் உண்டுங்களா?" தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கத்துல எங்க காலேஜ்ல ப்ளஸ் ஒன் பசங்களுக்குன்னு சனிக்கிழமை க்ளாஸ் வைக்கிறோம்னு சொன்னதும் பெத்தவங்கள்ட்ட இருந்து வந்த முதல் கேள்வி இதுதான், அடுத்தது நீட்டுக்கு உதவுமா, அதுக்கடுத்தது ஃபீஸ் எவ்வளவு. மூணுக்கும் ஒரே பதில்தான், இல்லைங்க. ஃபீஸ் இல்லைன்னு கேட்டதும் சில பேருக்கு சந்தேகம் இன்னும் கூடிப்போச்சு, சும்மா சொல்லிக் குடுக்குறாங்கன்னா ஏதோ அட்மிஷன் புடிக்கிற வேலையா இருக்கும்னு. அவங்களக் குத்தம் சொல்ல முடியாது, ப்ளஸ் டூ ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே வீட்டு வாசல்ல வந்து நோட்டீஸ் குடுக்குற காலேஜுங்க நம்ம பக்கம் இருக்கத்தான செய்யுது.

நான் ஃபிசிக்ஸ் கெஸ்ட் லெக்சரர். அதுக்கு என்ன சம்பளம், எந்த மாசம் வராதுங்கறதெல்லாம் ஊரறிஞ்ச கதை, இங்க வேண்டாம். கும்பகோணத்துக்காரத் தோழி ஒருத்தி டிசைன் படிச்சிட்டு பெங்களூர்ல வேலை பாக்குறா, சனி ஞாயிறு ஊருக்கு வந்துருவா. காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல நடத்துற ஆரம்பப் பாடத்துல இருந்து ஆளுக்கு ஒரு துண்டை வெட்டி, சுத்துவட்டார ஸ்கூல் பசங்களுக்கு நடத்திப் பாக்கலாம்னு ஆரம்பிச்சது இது. நான் அளக்குறது பத்தி, அவ டிசைன் பத்தி. சிலபஸ்ஸ முன்கூட்டியே முடிக்கிற வேலை இல்லைங்கறதுல ரெண்டு பேரும் கறாரா இருந்தோம், அந்த வேலைக்கு ஊர்ல ட்யூஷன் சென்டர் போதுமான அளவுக்கு இருக்கு.

ஏன் ப்ளஸ் ஒன்னு கேட்டீங்கன்னா, நம்ம ஊர்ல ஒரு புள்ளையோட பாதையை முடிவு பண்றது பத்தாவது ரிசல்ட் வந்த அந்த ஒரு வாரம்தான். 450க்கு மேலன்னா ஃபர்ஸ்ட் க்ரூப், கொஞ்சம் கம்மின்னா கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்னும் கம்மின்னா காமர்ஸ், அதுக்கும் கீழன்னா தொழிற்பிரிவு, இதுல புடிச்சது புடிக்காததுங்கற பேச்சே கிடையாது. அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு கவுன்சிலிங்ல உட்கார்ந்து ஈசிஇயா மெக்கானிக்கலா பயோடெக்கான்னு முடிவு பண்ணுவாங்க, அதுல ஒண்ணுகூட உள்ள எப்படி இருக்கும்னு பாத்ததில்ல. புடவை எடுக்கப் போனாக்கூட கடைக்காரர் அம்பது புடவையப் பிரிச்சுப் போடுறாரு, நாலு வருஷப் படிப்ப மட்டும் கவரப் பாத்தே வாங்கிட்டு வந்துடுறோம்.

வெளிநாட்டுல இதுக்கு ஒரு ஏற்பாடு ரொம்ப நாளா இருக்கு. அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலம் 1985லயே சட்டம் போட்டு, 11, 12 படிக்கிற பசங்க பக்கத்து காலேஜுக்குப் போய் அங்கத்த பசங்களோடயே க்ளாஸ்ல உட்காரலாம்னு கதவத் திறந்துவிட்டாங்க, ஃபீஸ அரசே கட்டிடும், அங்க வாங்குற மார்க் ஸ்கூல் கணக்குலயும் ஏறும் காலேஜ் கணக்குலயும் ஏறும். அதுக்கப்புறம் மத்த மாநிலங்கள்லயும் அதே மாதிரி வந்துச்சு. காலேஜுக்கே போகாம ஸ்கூல்லயே காலேஜ் அளவுப் பாடத்தப் படிச்சு பரீட்சை எழுதுற இன்னொரு முறை அதுக்கும் முன்னாடி, 1950கள்லயே அங்க வந்துருச்சு. அங்கயும் குறை இருக்கு, எந்த ஏரியா ஸ்கூல்ல படிக்கிறோம்ங்கறதப் பொறுத்துதான் கதவு எவ்வளவு திறக்கும்ங்கறது. ஆனா 16 வயசுப் புள்ள காலேஜ் க்ளாஸ்ல உட்கார்றத அங்க யாரும் அதிசயமா பாக்குறதில்ல.

நம்ம ஊர்ல இது புதுசும் இல்ல, ஒரு வகையில பாத்தா. கும்பகோணத்துல எந்த ஆட்டோல ஏறினாலும் ராமானுஜன் கதை ஓசியில கிடைக்கும், சாரங்கபாணி சன்னதித் தெரு வீடு, டவுன் ஹைஸ்கூல், கேம்பிரிட்ஜ் லெட்டர், எல்லாம். தெய்வம் குடுத்த மூளைன்னு முடிச்சிடுவாங்க. அதுல யாரும் நின்னு பேசாத ஒரு பகுதி இருக்கு. அவங்க வீட்டுல ரெண்டு காலேஜ் பசங்க தங்கிப் படிச்சாங்க, ராமானுஜன் சின்னப் பையனா இருக்கும்போதே அவங்களைக் கேள்வி கேட்டுக் கேட்டு அவங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு பூராவையும் கறந்துட்டாரு. லோனி எழுதின திரிகோணமிதி கையில கிடைச்சதும் அப்படித்தான், அது காலேஜ் பாடம். கார்ங்கற வெள்ளைக்காரர் தொகுத்த அந்தப் பெரிய தேற்றப் புத்தகம் 1903 வாக்குல கைக்கு வந்ததும் ஒரு நண்பர் மூலமாத்தான், அப்ப அவரு ஸ்கூல் பையன். மூளைய ஊர் குடுக்கல, சரி, ஆனா காலேஜ் புத்தகம் ஸ்கூல் பையன் கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு பாருங்க, அது ஊர் குடுத்தது. அதுக்கப்புறம் 1904ல அதே ஊர் காலேஜ்ல சேர்ந்து கணக்கத் தவிர மத்ததுல கோட்டை விட்டு ஸ்காலர்ஷிப்பயே இழந்தாருங்கறதும் இதே கதையோட ஒரு பகுதி, அத மட்டும் ஆட்டோக்காரர் சொல்லமாட்டாரு.

இப்ப டெல்டாவுல காலேஜுக்கு என்ன பஞ்சம். தஞ்சாவூர்ல இருந்து கும்பகோணம் போற ரோட்டுல, திருவாரூர் ரோட்டுல, எத்தனை கேட், எத்தனை மஞ்சள் பஸ். ஆடுதுறையில நெல் ஆராய்ச்சி நிலையம் 1922ல இருந்து இருக்கு. தஞ்சாவூர்ல உணவுத் தொழில்நுட்பத்துக்குன்னு மத்திய அரசு நிறுவனமே இருக்கு. திருவாரூர்ல மத்தியப் பல்கலைக்கழகம். அந்த கேட்டத் தாண்டி தினம் ஸ்கூல் பஸ்ல போற பசங்க உள்ள ஒரு ஆய்வகத்தக்கூடப் பாக்காமதான் ப்ளஸ் டூ முடிக்கிறாங்க.

சரி, க்ளாஸுக்கு வர்றேன். புரட்டாசி கடைசியில ஆரம்பிச்சோம். சனிக்கிழமைங்கறதால பசங்களுக்கு பஸ் பாஸ் செல்லுமா செல்லாதான்னு கண்டக்டரோட மல்லுக்கட்டு, பொண்ணுங்களுக்கு அந்தப் பிரச்சனையே இல்ல, 2021ல இருந்து டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாதே. எந்தப் பெரிய கல்வித் திட்டமும் செய்யாத வேலைய அந்த பிங்க் பஸ் செஞ்சுச்சுன்னு நான் சொல்வேன், வருகைப் பதிவேட்டப் பாத்தாலே தெரியும், பொண்ணுங்க பக்கம் வரிசையா டிக், பசங்க பக்கம் ஓட்டை ஓட்டையா இருக்கும். இன்னொண்ணு, எங்க காலேஜ் பசங்க என்னைய மேம்னு கூப்பிடுவாங்க, இதுங்க எல்லாம் மிஸ். கடைசி வரைக்கும் மிஸ்தான்.

வலங்கைமான் பக்கத்துப் பையன் ஒருத்தன்ட்ட வீட்டுக் களத்துல இருந்து குறுவை நெல்லு கொஞ்சம் எடுத்துட்டு வாப்பான்னு சொல்லியிருந்தேன், கேரி பேக் நிறைய கொண்டாந்தான். அஞ்சு க்ரூப். ஒவ்வொரு க்ரூப்பும் அந்தப் பையில இருந்து 20 கிராம் நிறுத்து எடுத்து, மூடி உள்ள அலுமினியக் கிண்ணத்துல போட்டு, மூடியத் திறந்து வச்சு ஓவன்ல 130 டிகிரியில ராத்திரி முழுக்க வைக்கணும். மறுநாள் லேப் அண்ணன் வந்து வெளியில எடுத்து, காத்துல இருக்குற ஈரத்த மறுபடி இழுத்துக்காம டெசிக்கேட்டர்ல வச்சு மூடிட்டுப் போயிருந்தாரு. அடுத்த வாரம் எடை போடணும். குறைஞ்ச எடை தண்ணி, அத 20ஆல வகுத்தா ஈரப்பதம், அவ்வளவுதான் கணக்கு, எட்டாவது பையனே போட்டுருவான்.

எடை வந்துச்சு. 16.58, 16.41, 16.30, 16.47, 16.22. ஈரப்பதமா மாத்தினா 17.1, 17.95, 18.5, 17.65, 18.9. ஒரே பை, ஒரே ஓவன், ஒரே தராசு. ரூம்ல சத்தமே இல்ல, எல்லாரும் பக்கத்து க்ரூப் நோட்ட எட்டிப் பாக்குறாங்க, ஒருத்தி ரப்பரக்கூட எடுத்துட்டா. "மிஸ், எது சரியான ஆன்சர், எத எழுதணும்?" எழுதினதே இருக்கட்டும்மா, அழிக்காதன்னேன். "இல்ல மிஸ், எங்க ஸ்கூல்ல பெண்டுலம் பண்ணா 9.8 வந்தே ஆகணும், வரலன்னா வர்ற மாதிரி டைம மாத்திக்குவோம்." இத ரொம்ப வெள்ளந்தியா சொன்னா, திருட்டுத்தனம்னே அவளுக்குத் தோணல, தோணவும் வேண்டியதில்ல, பிராக்டிகல் மார்க் அந்த 9.8க்குத்தான் விழுதுன்னா யாரா இருந்தாலும் அதத்தான் பண்ணுவாங்க.

அதுல இருந்து அன்னைக்குப் பூரா அந்த அஞ்சு நம்பர்தான். ஏன் வேற வேற வந்துச்சு? பையில மேல இருந்த நெல்லு காஞ்சிருக்கும் மிஸ், நாங்க அடியில இருந்து எடுத்தோம்னு 18.9 க்ரூப். கருக்காய் கலந்திருக்கும்னு ஒருத்தன். மூடிய லேட்டா போட்டோம்னு இன்னொருத்தி. சராசரி எடுத்தா 18.02. அப்ப 18.02ன்னு சொல்லிடலாமான்னா, அஞ்சு நம்பரும் 17க்கும் 19க்கும் நடுவுல ஆடிக்கிட்டு இருக்கும்போது அந்தக் கடைசி 2க்கு என்ன மரியாதை? 18ன்னு சொல்லு, கூடவே 0.3 முன்ன பின்ன இருக்கலாம்னு சொல்லு. அந்த 0.3 எப்படி வந்துச்சுன்னு போர்டுல போட்டுக் காட்டினேன், அஞ்சு நம்பரோட திட்ட விலக்கத்த ரூட் 5ஆல வகுத்தா வர்றது அது, திட்ட விலக்கம் அவங்க பத்தாவதுலயே படிச்சதுதான், ஆனா அது எதுக்குன்னு அதுவரைக்கும் தெரியாது. பரீட்சையில அஞ்சு மார்க் கேள்வியா வந்துட்டுப் போன ஒண்ணு.

நடுவுல ஒரு பொண்ணு 21.9ன்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அவ தண்ணி எடைய 20ஆல வகுக்காம காஞ்ச நெல்லு எடையால, 16.41ஆல வகுத்திருக்கா. அதுவும் சரிதான்! நெல்லு உலர்த்துற மெஷின டிசைன் பண்றவங்க அப்படித்தான் கணக்கு வைப்பாங்க, ஏன்னா காய காய மொத்த எடை மாறிக்கிட்டே இருக்கும், காஞ்ச பொருளோட எடை மாறாது. வாங்குறவங்க விக்கிறவங்க ஈர எடையால வகுப்பாங்க. ஆக ஒரே நெல்லு ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 22. சிரிச்ச பசங்க முகம் பாக்கணுமே.

அப்பதான் அந்த நெல்லு கொண்டாந்த பையன் வாயத் திறந்தான், அதுவரைக்கும் பேசாத பையன். "மிஸ், கொள்முதல் நிலையத்துல 17க்கு மேல போனா எடுக்க மாட்டாங்க." ஆமா, மத்திய அரசு விதி 17 சதவீதம், மழை வருஷங்கள்ல கேட்டுக் கேட்டு 19, 20 வரைக்கும் தளர்த்தியிருக்காங்க. டெல்டாக்காரங்களுக்கு இத நான் விளக்கத் தேவையில்ல. குறுவை அறுக்குற நேரமும் ஐப்பசி மழையும் ஒண்ணா வந்து, நெல்லக் குவிச்சு தார்ப்பாய் போட்டு மூடி, அப்பாவும் பையனும் மாத்தி மாத்தி ராத்திரி காவல் படுத்து, வெயில் வந்ததும் பிரிச்சு, தூறல் விழுந்ததும் மூடி. அந்தப் பையன் வீட்டுல அந்த வாரம் அதான் நடந்துக்கிட்டு இருந்துச்சு. அவன் கேட்டது, "அஞ்சு எடத்துல எடுத்தா அஞ்சு நம்பர் வருதுல்ல மிஸ், அங்க ஒரு எடத்துல எடுத்துப் பாத்து 17.3ன்னு காட்டினா அது 17ஆ இல்லையா?"

காலேஜ் ஃபர்ஸ்ட் இயர்ல இதுக்குன்னே ஒரு முழு அத்தியாயம் இருக்கு, அளவீட்டுப் பிழைன்னு, எங்க பசங்க அத மனப்பாடம் பண்ணி எழுதுவாங்க. இந்தப் பையன் கேட்ட மாதிரி ஒருத்தன்கூட என்ட்ட கேட்டதில்ல. கொள்முதல் நிலையத்துல ஈரம் பாக்குற மீட்டர் எப்படி வேலை செய்யுதுன்னு அடுத்து போனோம். ஓவன்ல காய வைக்க ராத்திரி பூரா ஆகும், நிலையத்துல அதுக்கு நேரம் ஏது, அதனால மீட்டர் தண்ணிய நேரடியா அளக்குறதில்ல, நெல்லோட மின் குணத்த அளக்குது. ரெண்டு தகட்டுக்கு நடுவுல நெல்லக் கொட்டினா அது ஒரு கெப்பாசிட்டர், அதாவது மின்னேற்றத்தச் சேத்து வைக்கிற அமைப்பு. நடுவுல இருக்குற பொருளப் பொறுத்து அது சேத்து வைக்கிற அளவு மாறும், அதச் சொல்ற எண்தான் மின்கடத்தாப் பொருள் மாறிலி. தண்ணிக்கு அது 80 கிட்ட, காஞ்ச தானியத்துக்கு ஒற்றை இலக்கம்தான், அதனால கொஞ்சம் ஈரம் கூடினாலும் ரீடிங் எகிறும். அந்த ரீடிங்க சதவீதமா மாத்துற அட்டவணை மெஷினுக்குள்ள இருக்கு, அத ஓவன்ல காய வச்சுப் பாத்துத்தான் போட்டிருப்பாங்க, நெல்லு சூடா இருந்தா மாறும், ரகம் மாறினா மாறும், அதுக்கெல்லாம் திருத்தம் வேணும். கெப்பாசிட்டர் அவங்களுக்கு ப்ளஸ் டூவுலதான் வருது. ஒரு வருஷம் முன்னாடியே நடத்திட்டேன்னு யாரும் கேஸ் போடல.

இந்தப் பக்கம் டிசைன் க்ளாஸ்ல நடந்தது இத விட சுவாரஸ்யம். டிசைன்னா நல்லா படம் வரையத் தெரியணும்னு நினைச்சு ரெண்டு பேரு கலர் பென்சில் பாக்ஸோட வந்திருந்தாங்க. என் தோழி மொதல்ல குடுத்த வேலை, ஒரு மணி நேரம் ஒருத்தர் வேலை செய்யுறதப் பாரு, எழுது, எந்த ஐடியாவும் எழுதாத, என்ன செய்யுறாங்கங்கறத மட்டும் எழுது. பெரும்பாலான பசங்க அரைப் பக்கத்துக்கு மேல எழுத முடியாமத் திரும்பி வந்தாங்க, "அவரு டீ போடுறாரு மிஸ், வேற என்ன எழுதுறது". திருக்கருகாவூர் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, காமர்ஸ் க்ரூப், நாலு பக்கம் எழுதிட்டு வந்தா. அவங்க அம்மா சம்பா நடவுக்குப் போறவங்க. அம்மாவோட வயல்ல நின்னு பாத்திருக்கா.

அவ எழுதினதுல பாதிக்கு மேல போன் பத்தி. அம்மா போன பால் கவர்ல சுத்தி ரப்பர் பேண்ட் போட்டு இடுப்புல சொருகியிருக்காங்க. போன் அடிக்குது. நிமிர்றாங்க. கையில சேறு. பக்கத்துல வாய்க்கால் தண்ணி இல்ல, அதனால புடவையில துடைக்கிறாங்க. ரப்பர் பேண்டக் கழட்டுறாங்க, அது சேத்துல விழுது. எடுக்குறதுக்குள்ள கட் ஆயிடுது. திருப்பிக் கூப்பிட பேலன்ஸ் இருக்கான்னு தெரியல. கூப்பிட்டது மேஸ்திரி அம்மா, நாளைக்கு எந்த வயல்னு சொல்ல. இத ஒரு மணி நேரத்துல மூணு தடவை பாத்து எழுதியிருக்கா. என் தோழி அத சத்தமா படிச்சுட்டு, பெங்களூர்ல இதுக்குன்னு ஆள் வச்சு சம்பளம் குடுக்குறாங்கன்னு சொன்னா, அந்தப் பொண்ணுக்கு நம்பிக்கையே வரல.

அப்புறம் பை தைக்கிறது. மொதல்ல கண்ணாடி மாதிரி ப்ளாஸ்டிக் கவர்ல ஜிப் வச்சுத் தச்சா, கழுத்துல மாட்டிக்கிற மாதிரி. அம்மா போட்டுப் பாத்துட்டு சொன்னது ரெண்டு. குனிஞ்சு நடும்போது கழுத்துல தொங்கினா முகத்துல வந்து இடிக்குது. ஜிப்ல சேறு ஏறினா தொறக்க வராது. அடுத்து முதுகுப் பக்கம் சாய்ச்சுக் கட்டுற வார், மடிச்சு ஒட்டுற வெல்க்ரோ. வெல்க்ரோவுல வைக்கோல் துணுக்கு ஏறி ஒட்டல. அதுக்கடுத்து மூடியே வேண்டாம்னு தலைகீழா யோசிச்சா, பை வாய மூணு மடிப்பா மடிச்சு வாரு இறுக்கத்துலயே நிக்கிற மாதிரி, போன வெளியில எடுக்கவே வேண்டாம், ப்ளாஸ்டிக் மேலயே தேய்ச்சு எடுத்து ஸ்பீக்கர்ல பேசிக்கலாம். அம்மா சொன்னாங்களாம், "இது பரவால்ல பாப்பா, ஆனா கை ஈரமா இருந்தா தேய்ச்சா எடுக்கல."

இந்தக் கேள்விய என்கிட்ட அனுப்பிட்டாங்க. அடுத்த சனிக்கிழமை ரெண்டு க்ளாஸையும் ஒண்ணா உட்கார வச்சேன். போன் திரைக்குள்ளயும் கெப்பாசிட்டர்தான். விரல் கிட்ட வந்தா அந்த எடத்துல கெப்பாசிட்டன்ஸ் மாறும், அதுதான் தொடுதல்னு போனுக்குத் தெரியும், மெலிசு ப்ளாஸ்டிக் குறுக்க இருந்தாலும் வேலை செய்யும். ஆனா தண்ணி பரவியிருந்தா அந்த மாற்றம் விரல் இருக்குற எடத்துல மட்டும் இல்லாம பரவலா நடக்குது, போன் குழம்பிடுது. நெல்லு மீட்டர் எதை வச்சு ஈரத்தக் கண்டுபிடிக்குதோ அதே தண்ணிதான் இங்க குழப்புது. வலங்கைமான் பையன் "அந்த 80 தான மிஸ்"ன்னான். அந்தப் பொண்ணு அதுக்கு மேல பௌதிகத்துல ஆர்வம் காட்டல, அவளுக்கு வேண்டியது விடை இல்ல, வழி. பக்கத்துல இருக்குற வால்யூம் பட்டனை அழுத்தி எடுக்குற மாதிரி செட்டிங் இருக்கான்னு தேட ஆரம்பிச்சா, சில போன்ல பவர் பட்டன் அழுத்தினா வர்ற அழைப்பக் கட் பண்ணலாம், எடுக்குறதுக்குத்தான் வழி தேடணும். ஹெட்செட் பட்டன் வரைக்கும் போனா. பை இன்னும் முடியல.

சுவாமிமலையில சிலை வடிக்கிற ஒரு ஸ்தபதிகிட்டயும் பசங்களக் கூட்டிட்டுப் போனோம். தென்னை ஓலைய சிலை உயரத்துக்கு நறுக்கி, அத மடிச்சு மடிச்சே முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு, முழங்கால் எவ்வளவுன்னு அளவு எடுத்தாரு, ஸ்கேல் டேப் எதுவும் கிடையாது. சிலை ஒரு அடியா இருந்தாலும் ஆறு அடியா இருந்தாலும் விகிதம் மாறாது. இத வச்சே ரெண்டு க்ளாஸ் நடத்தலாம், நேரமில்ல.

எல்லாருக்கும் புடிச்சுதான்னா இல்ல. பாதியில நின்னவங்க இருக்காங்க, ட்யூஷன் டெஸ்ட் வந்துருச்சு, வயல் வேலை வந்துருச்சு. ஃபர்ஸ்ட் க்ரூப்ல நல்லா படிக்கிற ஒரு பையன் கடைசியில வந்து, "மிஸ், எனக்கு இந்த அளக்குற வேலையே புடிக்கல, காகிதத்துல போடுற கணக்குதான் புடிக்குது"ன்னான். அவங்க அப்பாவுக்கு மெக்கானிக்கல் கனவு. என்னயப் பொறுத்தவரை அந்தப் பையனுக்குத்தான் இந்த க்ளாஸால அதிக லாபம், புடிக்கலங்கறது 16 வயசுல செலவில்லாமத் தெரிஞ்சுது, 20 வயசுல தெரிஞ்சிருந்தா கடனோட சேத்துத் தெரிஞ்சிருக்கும்.

எங்க ஊர்ல இப்படி ஒண்ணும் இல்லையேங்கறவங்களுக்கு ஆன்லைன்ல கொஞ்சம் இருக்கு. சென்னை ஐஐடி ஸ்கூல் கனெக்ட்னு ஒண்ணு நடத்துது, ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ பசங்களுக்கு 8 வாரப் பாடம், டேட்டா சயின்ஸ், எலக்ட்ரானிக்ஸ்ல ஆரம்பிச்சு இப்ப ஆர்க்கிடெக்சர் டிசைன் வரைக்கும் இருக்கு, ஃபீஸ் 500 ரூபாய்னு வச்சிருந்தாங்க, ஆனா தனியா சேர முடியாது, உங்க ஸ்கூல் அவங்களோட பதிவு பண்ணியிருக்கணும், அதனால ஹெட்மாஸ்டர்கிட்டதான் மொதல்ல போகணும். அதே ஐஐடி 2020ல இருந்து நடத்துற டேட்டா சயின்ஸ் பிஎஸ் படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம், நாலு வாரப் பாடம் நடத்தி அதுலயே தகுதித் தேர்வு வைப்பாங்க. என்பிடெல் வீடியோக்கள் காசு குடுக்காமலே பாக்கலாம், பரீட்சை எழுதி சர்டிஃபிகேட் வாங்கணும்னாதான் பணம், பல பாடங்களுக்குத் தமிழ்லயும் எழுத்து வடிவம் இருக்கு, தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கு அது பெரிய உதவி. 2022ல அனைவருக்கும் ஐஐடிஎம்னு அரசுப் பள்ளிகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் கிட் குடுக்குற திட்டமும் வந்துச்சு. கிட் இருந்தும் பீரோவுல பூட்டி வச்சிருக்குற ஸ்கூல் நான் பாத்திருக்கேன், தொலைஞ்சா யார் கணக்குச் சொல்றதுங்கற பயம். வீடியோவும் கிட்டும் நல்லதுதான், ஆனா 18.9 ஏன் வந்துச்சுன்னு சண்டை போட பக்கத்துல நாலு பேரு வேணும்.

மார்க் விஷயத்துக்கு வர்றேன். ஆரம்பத்துல எனக்கு மார்க் இல்லைங்கறதே பெருமையா இருந்துச்சு, மார்க் வச்சிருந்தா அந்தப் பொண்ணு கையில எடுத்த ரப்பரால அழிச்சே இருப்பா. நல்ல எண்ணத்துல ஆரம்பிச்ச கேவிபிஒய்ங்கற மத்திய அரசு அறிவியல் ஸ்காலர்ஷிப் தேர்வு கதை தெரியுமே, 1999ல ப்ளஸ் ஒன் பசங்களோட ஆராய்ச்சி ஆர்வத்தக் கண்டுபிடிக்கன்னு வந்துச்சு, போகப் போக அதுக்கே கோச்சிங் சென்டர் வந்துச்சு, 2022ல திட்டத்தையே நிறுத்திட்டாங்க. மார்க் இருந்தா கோச்சிங் வரும், கோச்சிங் வந்தா எல்லாரும் 18.02ன்னு எழுதிக் குடுப்பாங்க.

ஆனா வருகைப் பதிவேட்ட மறுபடி எடுத்துப் பாத்தா வேற ஒண்ணு தெரியுது. கடைசி வரைக்கும் வந்தவங்கள்ல பெரும்பாலும் வீட்டுல யாராவது மாசச் சம்பளம் வாங்குறவங்க. நின்னுபோனவங்க சனிக்கிழமை வேலைக்குப் போனா கூலி கிடைக்கிற வீட்டுப் பசங்க. கணக்குல ஏறாத படிப்புக்கு ஒரு நாள் ஒதுக்குறது எல்லாருக்கும் கட்டுப்படியாகாதுங்க. அதனால அப்பாக்கள் கேட்ட அந்தக் கேள்விய இப்ப நான் இளக்காரமா நினைக்கல. மின்னசோட்டாக்காரங்க மாதிரி ரெண்டு பக்கமும் கணக்குல ஏறணும், நம்பருக்கு மார்க் குடுக்காம நோட்டுல எழுதின காரணத்துக்கு மார்க் குடுக்கணும், பஸ்ஸும் மத்தியானச் சாப்பாடும் சேத்துக் குடுக்கணும். 2023ல மத்திய அரசு கொண்டாந்த கிரெடிட் கட்டமைப்புல ஸ்கூல் படிப்பையும் காலேஜ் படிப்பையும் ஒரே கணக்குல வைக்கலாம்னு காகிதத்துல இருக்கு. 2025ல மாநில அரசு ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வ எடுத்துட்டாங்க, அதனால அந்த ஒரு வருஷம் கொஞ்சம் மூச்சு விடுற எடமா இருக்கு, அதுலயும் ப்ளஸ் டூ பாடத்த ஓட்டி முடிச்சுடாம இருந்தா சரி. எங்க காலேஜ்ல இத எழுதிக் குடுத்திருக்கேன். மேல போயிருக்குங்கறாங்க.

அந்த திருக்கருகாவூர் பொண்ணு விஷயம் ஒண்ணு சொல்லணும், ஏன்னா இதப் படிக்கிற பல பேருக்கு உபயோகம். காமர்ஸ் எடுத்ததால டிசைன் படிக்கிற கதவு மூடிருச்சுன்னே அவ நினைச்சிருந்தா, அவ ஸ்கூல்லயும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. ஐஐடியில பி.டெஸ்ங்கற டிசைன் டிகிரி சேர்றதுக்கு யுசீட்னு ஒரு நுழைவுத்தேர்வு, 2015ல இருந்து நடக்குது, சயின்ஸ் காமர்ஸ் ஆர்ட்ஸ் எந்த க்ரூப்பா இருந்தாலும் எழுதலாம், ப்ளஸ் டூ படிக்கிற வருஷம் ஒரு தடவை, அடுத்த வருஷம் ஒரு தடவை, ரெண்டே வாய்ப்பு. 3 மணி நேரம், 300 மார்க், கம்ப்யூட்டர்ல ஒரு பகுதி, கையால வரையுற பகுதி ஒண்ணு. ஃபார்ம் அக்டோபர் வாக்குல வரும், பரீட்சை ஜனவரியில. அகமதாபாத்ல இருக்குற தேசிய டிசைன் நிறுவனத்துக்கு (என்ஐடி) தனி தேர்வு. அவங்க அப்பாகிட்ட பேசினேன், ஹாஸ்டல் ஃபீஸ் எவ்வளவுங்கன்னாரு, எழுதிக் குடுத்திருக்கேன், பேங்க்ல விசாரிச்சுட்டு சொல்றேன்னிருக்காரு.